துணி காயப்போடும் அறையின் சாவி

ரொட்டிக் கடை வரிசையில்தான் அதை முதலில் கேட்டேன். எனக்கு முன்னால் நின்ற பெண், தனக்கு முடி வெட்டுகிறவள் சொன்னதாகத் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முடி வெட்டுகிறவளுக்கு யார் சொன்னார்கள் என்பதைப் பற்றி இருவருக்கும் கவலை இல்லை. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் வெதுரியா, கேபிள் வழியாக வீடு வீடாக ஓடுகிற மின்னஞ்சல் கடிதங்களை எல்லாம் தன் சமையலறையில் உட்கார்ந்து படிக்கிறாளாம். இத்தாலியில் யார் யாரோடு இருக்கிறார்கள், ஸ்பெயினிலிருந்து யார் திரும்பி வரப்போவதில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படியாம்.

"அதான் அவ வீட்ல டிவி ஓடுறதே இல்ல. இது இருக்கறப்போ அது எதுக்கு?"

வெதுரியாவுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் நான் குடியிருந்தேன். அவள் இழுத்த கேபிள் என் ஜன்னல் சட்டத்தில் போட்ட துளை வழியாகத்தான் என் வீட்டுக்குள் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ரொட்டியோடு வீடு வந்து சேர்வதற்குள், என் தங்கைக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கப்பல் தளத்தில் என் மேலாளரை என்ன சொல்லியிருந்தேன், பந்தெலே ஐயாவை என்ன சொல்லியிருந்தேன். படியேறும்போதுதான் அவை அத்தனையும் தமிழில் எழுதியவை என்பது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் அன்று முழுக்க நான் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

பந்தெலே ஐயா எங்கள் கட்டடச் சங்கத்தின் தலைவர். வெந்நீர்க் குழாய், மாடிப்படி விளக்கு, வாசல் பூட்டு எல்லாம் அவர் பொறுப்பு. ருமேனியத் துறைமுக ஊரான இந்த ப்ரெய்லாவில் நான் தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவருடைய கையெழுத்தும் சங்க முத்திரையும் வேண்டும். ஆகவே அவரைப் பற்றி இங்கே கூடியவரை நல்லபடியாகவே எழுதுகிறேன்.

வெதுரியா டிராம் ஓட்டியவள். துறைமுகத்திலிருந்து இரும்பு ஆலை வாசல் வரை போகும் தடத்தில், அந்தக் குலுங்கும் இருக்கையில் பாதி ஆயுளைக் கழித்தவள். கடைசியில் முதுகுத் தட்டு நகர்ந்துவிட்டது. மருத்துவக் குழு அவளைப் பரிசோதித்து ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. குழுவில் இருந்த டாக்டர் அன்பான மனிதர் போல. இனிமேல் கனமானது எதையும் தூக்க வேண்டாம், பின்னல் வேலை செய்தால் மனதுக்கு நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பின்னல் வேலையை அவள் அவருக்கு மன்னிக்கவே இல்லை. கணவனை அதற்கு வெகுகாலம் முன்பே வெளியே அனுப்பியிருந்தாள். அவனைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டாள். இரண்டையும் இங்கே எழுத முடியாது.

அந்தக் காலத்தில் எங்கள் பேட்டை முழுவதும் கட்டடத்துக்குக் கட்டடம் வானத்தில் கேபிள் தொங்கும். பேட்டைப் பையன்கள் தாங்களே இழுத்துக் கட்டிய நெட் அது. எங்கள் கட்டடத்து வீடுகளின் கேபிள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி மேல்மாடியில், எல்லோரும் துணி காயப்போடும் பொது அறையில், கொடிகளுக்கு மேலே ஓர் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட பையன்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். கடைசிப் பையன் ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போனான். அவன் போன சில வாரத்தில் நெட் செத்தது.

வெதுரியா அவனுக்குப் போன் போட்டாள். அந்தப் பேச்சை அவள் பலமுறை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். பெட்டியை விற்றுவிடச் சொன்னானாம். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம் இவள்.

"அது உங்களால ஆகாதுக்கா. நீங்க டிராம் ஓட்டினவங்க."

"பொறக்கும்போதே டிராம் ஓட்டிட்டாடா வந்தேன்?"

உடனே கீழே இறங்கிப் போய்ப் பந்தெலே ஐயாவிடம் மேல்மாடி அறைச் சாவியைக் கேட்டாள். துணி காயப்போடத்தானே என்று கேட்டார் அவர். "அதையும் போடுவேன்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் அவள் வீட்டில் சமையல் நடந்ததாக நினைவில்லை. டிராம் பணிமனை அலுவலகம் தூக்கி எறிந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து, ஒன்றைச் சமையலறை மேசையிலும் மற்றதைப் பலசரக்கு அறையில் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவிலும் வைத்தாள். சமையலறை மெஷின் கூப்பிட்டால் ஊறுகாய் மெஷின் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான், ஆனால் அது நடக்கவில்லை. கேபிளுக்குள் எட்டு மெல்லிய ஒயர், எட்டு நிறம். அவற்றை வரிசை மாறாமல் கனெக்டருக்குள் நுழைத்துக் குறடால் ஒரே அழுத்து அழுத்த வேண்டும். ஒன்று நழுவினாலும் கனெக்டர் வீண். வீணானவற்றை அவள் எறியவில்லை. ஒரு காலி ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி ஜன்னலில் வைத்தாள். வந்தவர்கள் என்னவென்று கேட்டால், "இந்த வருஷத்து ஊறுகா" என்பாள். வசந்தம் வருவதற்குள் ஜாடி நிறைந்துவிட்டது.

படிப்பதற்குக் கிடைத்ததெல்லாம் ஆங்கிலத்தில். அவள் பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவாள், நடுவில் சிக்கினால் என் கதவு மணியை அடிப்பாள். எனக்கு ஆங்கிலம் தெரியும், நெட்வொர்க் தெரியாது. அவளுக்கு இரண்டும் தெரியாது என்பதால் நான் ஒருபடி மேலே இருப்பதாகக் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முழுப் பக்கத்தையும் ருமேனிய மொழியில் எழுதித் தருகிறேன் என்றால் வாங்கமாட்டாள்.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லு தம்பி. மிச்சத்தோட நான் சண்ட போட்டுக்கறேன்."

ஒருநாள் கதவு திறந்திருக்கவே உள்ளே போனேன். சமையலறைத் திரையில் ஒரே வரி மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. பலசரக்கு அறை மெஷின் பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. கூப்பிடுகிறாள், வருகிறது. மறுபடி கூப்பிடுகிறாள், வருகிறது. அதைச் செய்து முடித்தவளாகத் தெரியவில்லை அவள். யாரையோ தோற்கடித்தவளைப் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஆகாதுன்னான்" என்றாள், ஸ்பெயின் இருக்கும் திசையைப் பார்த்து.

இதற்கு 'பிங்' என்று பெயர் என்றாள். ஒரு மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. பதில் வராவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தமா என்று கேட்டேன். அவளும் அப்படித்தான் நினைத்து, நன்றாக வேலை செய்த ஒரு மெஷினை மூன்று முறை கழற்றி மாட்டியிருந்தாளாம்.

"செத்ததாவும் இருக்கலாம். இல்ல, பதில் சொல்லக் கூடாதுன்னு அதுல வெச்சிருக்கலாம். சிலது அப்படி. எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கும், வாயத் தொறக்காது."

பிறகு மேலே போனாள். துணிகளுக்கு நடுவில், வளையாத முதுகோடு ஏணியில் ஏறி, எரிந்துபோன பெட்டியை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டினாள். பல மாதத்துக்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் நெட் வந்தது. பணிமனையில் கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்களாம், பெருச்சாளி மாதிரி கேபிளோடு பொந்து பொந்தாகப் போகிறாள் என்று. அவள் நடையில் டிராம் ஓட்டிய நாட்களின் மிதப்பு திரும்பியிருந்தது.

அந்த மிதப்பில்தான் தப்பு செய்தாள். ஒவ்வொரு வீட்டு மெஷினுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். மறக்காமல் இருக்க, வீட்டு எண்ணையே கடைசி எண்ணாக வைத்தாள். எட்டாம் எண் வீட்டுக்கு எட்டு, எனக்கு ஒன்பது. நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் எல்லோருடைய கடிதமும் வெளியுலகத்துக்குப் போகும் வாசலாக ஒரு ரவுட்டர் இருந்தது. அதன் எண் ஒன்று. முதல் எண் வீட்டில் குடியிருந்தவர் பந்தெலே ஐயா.

அவர் மெஷினைப் போட்டதுமே கட்டடம் முழுக்க நெட் நின்றது. எது உண்மையான வாசல் என்று தெரியாமல் எல்லா மெஷினும் அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டன. அவர் அணைத்தால் நெட் வரும், போட்டால் போகும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு முழுப் பகல் ஆனது. கண்டுபிடித்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிட்டு வந்திருக்கலாம். அவள் நேராக அவர் வீட்டுக்குப் போய், நடந்ததை அப்படியே விளக்கினாள். தப்பு என்னோடதுதான், இன்று முழுக்க எல்லோருடைய கடிதமும் உங்கள் வீட்டுக்கு வரப் பார்த்தது என்றாள். அவர் அதைச் செருப்போடு வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு அவர் வந்து சேர்ந்த முடிவு இது: தப்பாகப் போனால் என் வீட்டுக்கு வரும் என்றால், வேண்டும் என்றால் அவள் வீட்டுக்கும் வரும்.

ரொட்டிக் கடை வரை வந்த வதந்திக்கு வேர் அதுதான். அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவரிடம் சொல்லியிருப்பார். மீதியைப் படிக்கட்டு பார்த்துக்கொண்டது.

இதற்கிடையில் பெரிய கம்பெனி ஒன்று பேட்டைக்குள் வந்தது. கட்டடம் கட்டடமாகப் பேசி, பழைய கேபிள்களை அறுத்து எறிந்துவிட்டுத் தன்னுடையதை இழுத்தது. எங்கள் இடப்பக்கக் கட்டடமும் போனது, வலப்பக்கமும் போனது. கம்பெனி ஆள் வெதுரியாவையும் வந்து பார்த்தான். இந்த வயதில் இந்த முதுகோடு எதற்கு அம்மா இதெல்லாம், சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றான்.

"பின்னல் வேலை செய்யச் சொல்றியா?" என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் சங்கக் கூட்டம் நடந்தது. எங்கள் கூட்டம் எப்போதும் போல் கீழ்வாசலில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், எல்லோரும் கோட்டோடு நின்றபடி. கம்பெனிக்குக் கொடுத்துவிடலாமா என்று பந்தெலே ஐயா பேச்சை எடுத்தார். யாரோ பின்னாலிருந்து அந்தப் பழைய விஷயத்தைக் கேட்டார்கள். நம் கடிதத்தை அவள் படிக்கிறாளா, இல்லையா. வெதுரியா இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நானாக இருந்தால் நடுங்கியபடி ஆயிரம் முறை இல்லை என்றிருப்பேன்.

"படிக்க முடியுமான்னு கேட்டா, முடியும். எப்படிப் படிக்கறதுன்னு கத்துக்கிட்டாச்சு. கத்துக்காம இந்தப் பெட்டியப் பாத்துக்க முடியாது. டிராம்ல ஏறினவங்க பைக்குள்ள என்னன்னு நான் கேட்டதில்ல. இப்பவும் கேக்கறதில்ல. நம்பறவங்க நம்புங்க, மாட்டேங்கறவங்க ஒயரப் புடுங்கிக்குங்க. ஆனா எனக்குத் தெரியாதுன்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்."

அவளுக்குக் கை கொடுத்திருக்கக்கூடியவர்கள்கூட 'முடியும்' என்ற ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். கடைசியில் பந்தெலே ஐயா ஒரு வழி சொன்னார். ஈஸ்டர் வரை பார்ப்போம். அதற்குள் ஒருமுறை நெட் விழுந்தாலும் அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஈஸ்டர் முடிந்ததும் கம்பெனி ஆள் வந்து கேபிளை அறுப்பான். தான் நியாயமானவர் என்று காட்ட ஒரு சலுகையும் சேர்த்தார். குடியிருப்பவர் யாராவது தன் வீட்டில் எதையாவது நோண்டி அதனால் விழுந்தால், அது கணக்கில் வராது. யார் வீடு என்று பெயரைச் சொன்னால் போதும். நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கினோம். வெதுரியாவும் தூக்கினாள், எல்லோரையும்விட உயரமாக.

புனித வாரம் வந்தது. அந்த வாரத்தில் எங்கள் ஊரில் தூசிக்கு உயிர் தப்ப வழி கிடையாது. முற்றத்து இரும்புச் சட்டத்தில் கம்பளங்களைப் போட்டு அடிக்கும் சத்தம் காலையிலிருந்து கேட்கும். ஜன்னல் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைப்பார்கள். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், வருடம் முழுக்கப் பார்க்காத மூலையில் எல்லாம் வினிகரில் நனைத்த துணி போகும். முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போடும் வியாழக்கிழமைக்குள் வீடு பளபளவென்று இருந்தாக வேண்டும். அந்த வியாழனன்றுதான் நெட் விழுந்தது.

நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். வெதுரியா மேலே ஏறிப் போகும் சத்தம் கேட்டு நானும் போனேன். அவளுக்காகப் பயந்து போனேன் என்றே வைத்துக்கொள்ளலாம். துணிகளுக்கு மேலே பெட்டியின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெறிபிடித்தாற்போல் துடித்துக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வளையம்" என்றாள். "எவனோ எங்கியோ ஒயரோட ரெண்டு முனையையும் ஒண்ணா சேத்துட்டான். கடைசி ஸ்டாப்ல டிராம் திரும்பறதுக்கு ஒரு வட்டம் இருக்குமில்ல? அதுலேர்ந்து வெளிய வர்ற தண்டவாளத்த எடுத்துட்டா எப்படி இருக்கும்? சுத்தும். பின்னாலயே அடுத்தது வரும், அதுவும் சுத்தும். இதுல ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும் ஆகும். இதப் படிச்சிருக்கேன். இப்பதான் பாக்கறேன்."

கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்றைப் பிடுங்கியதும் விளக்குகள் சட்டென்று அடங்கி, பழையபடி சாவகாசமாகச் சிமிட்டின. கட்டடத்துக்கு நெட் திரும்பிவிட்டது, அந்த ஒரு வீட்டைத் தவிர. கையிலிருந்த கேபிளில் அவள் ஒட்டிவைத்திருந்த வீட்டு எண்ணை இருவரும் படித்தோம்.

அந்த வீட்டுக்காரியை ஸ்மராந்தா என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை. நாலாம் மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவள் மாடி இல்லை. மகள் இத்தாலியில் பாதொவாவில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள் என்பது மட்டும் உண்மை. ஆனால் எங்கள் கட்டடத்தில் பாதி வீட்டுக்கு அது பொருந்தும். ஈஸ்டரன்று தாயும் மகளும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதாக இருந்தது.

நாங்கள் கீழே இறங்குவதற்குள் பந்தெலே ஐயா படியில் நின்றிருந்தார். விழுந்ததா என்று கேட்டார். விழுந்தது என்றாள் வெதுரியா. யார் வீடு என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

"நாளைக்குச் சாயங்காலம் போன் பண்றேன், வெதுரியா அம்மா. பேரு ஒண்ணு சொன்னா போதும். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு மட்டும் கம்பெனிக்காரன் மாமனா மச்சானா?"

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அவர் போன பிறகு வெதுரியா என் பக்கம் திரும்பினாள். "பேரு சொன்னா முடிஞ்சுதுல்ல" என்றாள் என்னிடம். முடிந்தது என்றேன். எனக்கு அப்போது அதில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

ஸ்மராந்தா கதவைத் திறக்கவில்லை. உள்ளே விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது, எங்கள் சத்தம் கேட்டதும் அது நின்றது. வெதுரியா கதவோடு பேசினாள். உன் வீட்டில் ஒரு சின்னத் தப்பு இருக்கிறது, ஒரு நிமிட வேலை, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உன் மகளைப் பார்க்க முடியாது என்றாள். கதவு மெதுவாகக் கேட்டது.

"எங்க பேச்சக் கேட்டியா நீ?"

"இல்ல."

"முடியும்னு சொன்னியே, கீழ."

"முடியும். கேக்கல."

விளக்குமாறு மறுபடி தொடங்கியது. கதவு அன்று திறக்கவே இல்லை. வெதுரியா படியில் உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் படியில் உட்காருவது ஆகாது. அன்று பேரைப் பற்றி அவள் மறுபடி எதுவும் பேசவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. மதியத்துக்கு மேல் என் கதவு மணி அடித்தது. வாசலில் ஸ்மராந்தா, ஏப்ரனோடு. என்னைத் தனியாக அவள் பார்க்க வந்ததே இல்லை. வெதுரியாவை உள்ளே விடுவதாகவும், ஆனால் நானும் கூட இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். நான் எதற்கு என்று கேட்டேன்.

"உனக்குத்தான் இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்லியே தம்பி. பாத்ததப் போய் யார்கிட்ட சொல்வ?"

இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அந்த ஊரில் யாரும் சொன்ன மிக நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். கொஞ்சம் வலித்தாலும்.

அவள் வீடு மெழுகு வாசனையில் மின்னியது. ஜன்னலோரம் மேசை, அதன்மேல் மெஷின், கேபிள் மேசைக்கு அடியில் போனது. வெதுரியா ஒரு கையால் மேசையைப் பிடித்து, முட்டி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடியில் நுழைந்தாள். அன்று கோயில்களில் எல்லோரும் வரிசையில் நின்று, இயேசுவின் அடக்கத்தைச் சித்திரித்த திருத்துணி வைத்த மேசைக்கு அடியில் குனிந்து போவார்கள்.

"பாத்துக்கோ, எனக்கு இங்கயே ஆச்சு" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "சாயங்காலம் சாமியார் கேட்டா, நுழைஞ்சாச்சுன்னு சாட்சி சொல்லு."

ஸ்மராந்தா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

நான் டார்ச்சைப் பிடித்துக் குனிந்தேன். மகள் இத்தாலிக்குப் போவதற்கு முன்னால் இரண்டு மெஷின் வைத்திருந்தாளாம், அதற்காக ஒரு சின்னப் பெட்டி. இரண்டாவது மெஷினை விற்ற பிறகும் அதன் ஒயர் ஒன்று, ஒரு முனை பெட்டியிலும் மறுமுனை அந்தரத்திலுமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது தொங்கவில்லை. இரண்டு முனையும் அடுத்தடுத்த ஓட்டைகளில் அழகாகச் சொருகி, ஒயரைச் சுற்றி ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. பெட்டியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

வெதுரியா நாடாவை அவிழ்த்து ஒரு முனையைப் பிடுங்கிக் காட்டினாள். "இதுதான்."

"நானா?" என்றாள் ஸ்மராந்தா. "அது தொங்குச்சு. ஓட்டையும் காலியா இருந்துச்சு. ஈஸ்டர் அதுவுமா தொங்கவா விடறது?"

"நான் பலசரக்கு ரூம்ல இதவிட மோசமாப் பண்ணிருக்கேன். உன்னுது அழகாவாவது இருக்கு."

பிறகு அவள் செய்தது எனக்கு எதிர்பாராதது. கழுத்திலிருந்த கயிற்றைத் தலை வழியாக எடுத்து, அதில் கோர்த்த சாவியை என்னிடம் நீட்டினாள். அதை அவள் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. மேலே போய் இந்த வீட்டு ஒயரைச் சொருகிவிட்டு வரச் சொன்னாள். ஈரத் துணிகளுக்கு நடுவே ஏணியில் ஏறி, எண்ணை ஒன்றுக்கு நாலு தரம் படித்துச் சொருகினேன். விளக்குகள் சாவகாசமாகவே இருந்தன. அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன்.

திரும்பி வந்தபோது வெதுரியா மேசைக்கு அடியிலிருந்து இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து கீபோர்டை மடிக்கு இழுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் வரி வரியாகப் பதில் வந்தது. மேலே இருக்கும் வாசலைக் கூப்பிடுகிறேன், அது பேசுகிறது, ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வருவாள் என்றாள். ஸ்மராந்தா திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ நெஜமாவே கேக்கலியா? அவ சொன்னத?"

"என்ன சொன்னான்னு இப்பகூட எங்கிட்ட சொல்லாத."

அவள் என்னதான் சொல்லியிருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது தரையில் கிடந்த வெதுரியாவின் போன் அடிக்கத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் பெயர் தெரிந்தது. பந்தெலே.

"எடுக்கலியா?" என்றாள் ஸ்மராந்தா.

"எடுத்தா யார் வீடுன்னு கேப்பாரு."

ஸ்மராந்தாவின் முகம் மாறியது. ஏன் நேற்றே கதவைத் திறக்கவில்லை, உள்ளே என்ன மறைக்கிறாள் என்று படிக்கட்டு கேட்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவளும் அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவள்தான்.

"சொல்லலேன்னா?"

"சாவியக் கேப்பாரு. கேக்கட்டும். ஒயர் வழியா யார் வீட்ல என்ன நடக்குதுன்னு பாத்து ஊருக்குச் சொல்றவன்னுதான பேரு எனக்கு? அந்தப் பேர நானே நெசமாக்க மாட்டேன். இந்தச் சாவிக்காகன்னாலும் மாட்டேன்."

"பந்தெலே விடமாட்டாரு வெதுரியா. கம்பெனிக்காரன் வந்துருவான்."

"வரட்டும். ஏணியில நான் நிக்கறேன். அறுக்கறவன் என்னைத் தாண்டிப் போய் அறுக்கட்டும்."

போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு, மறுபடி கீபோர்டுக்குத் திரும்பினாள். போன் நின்றது. உடனே மீண்டும் அடித்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அந்தச் சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது. அடுத்த மாதம் என் அட்டைக்கு முத்திரை வாங்க வேண்டும் என்ற நினைவும் கூடவே வந்தது. சாவியைக் கீழே வைக்கலாமா என்று ஒருகணம் நினைத்தேன். வைக்கவில்லை.

ஸ்மராந்தா கைகளை ஏப்ரனில் துடைத்தாள். ஒருமுறை துடைத்தவள் மறுபடியும் துடைத்தாள். பெயரை வெதுரியாதான் சொல்ல வேண்டும் என்று கூட்டத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை. மெழுகு போட்ட தரையில் போன் அதிர்ந்து அதிர்ந்து, கவிழ்ந்தபடியே, அவள் செருப்புப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.